விட்ட இடத்திலிருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: தொடங்க முடிகிறது, தொடர முடியவில்லை. எலும்பு மூட்டுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பவளிடம் இதைக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டு அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புகிறேன். அதை யார் செய்கிறார்கள், யார் நாலாக மடித்து எங்கேயோ வைத்துவிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பே. பதில்களும் அந்தக் கண்ணோடுதான் இருக்கும்.

கே: எனக்கு எல்லாமே ஆரம்ப சூரத்தனம்தான். நடைப்பயிற்சி, புது மொழி, டைரி எழுதுவது என்று மூன்றையும் தொடங்கி மூன்றையும் விட்டாயிற்று. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கோ பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் ஏதாவது தடங்கல் வந்துவிடும். ஒரு நாள் விட்டதுமே ‘போச்சு, இனி என்ன’ என்று தோன்றி மொத்தமாகக் கைகழுவிவிடுகிறேன். மன உறுதியை வளர்க்க என்ன வழி?
– அலுவலகம் போகும் வாசகி

ப: மன உறுதியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 21-ஐத் தூக்கி எறியுங்கள்.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் தங்கள் புது முகம் பழகவே குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். புது மூக்குக்குப் பழகுவதும் விடியற்காலையில் எழுந்து நடக்கப் பழகுவதும் ஒன்றா? அவர் போட்ட ‘குறைந்தது’ என்ற சொல்லும் வாய்வழியாக வந்ததில் காணாமல் போய்விட்டது.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு சின்ன வேலை. யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்கு ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். சீக்கிரம் பழகியவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. மெதுவாகப் பழகியவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. 2009-இல் வெளியான அந்த ஆய்வில் எல்லோரும் 66-ஐத்தான் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கு வேண்டியது அதில் இன்னொரு வரி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி கெடவில்லை.

அப்படியானால் கெடுப்பது எது? உங்கள் ‘போச்சு, இனி என்ன’தான். 1975-இல் ஒரு பரிசோதனை நடந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, அதன்பின் ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வயிறு நிறைந்தால் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? மற்றவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மட்டும், மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் கலைந்தாயிற்று, இனி ஒரு கரண்டி போனால் என்ன, பத்துக் கரண்டி போனால் என்ன என்ற கணக்கு. ஒரு மில்க் ஷேக்கால் யாருக்கும் உடம்பு பெருத்துவிடாது. அதன் பின்னால் வந்ததுதான் வினை.

என் அறையில் இதை நேரில் பார்க்கிறேன். மூட்டு மாற்றிய இரண்டு பேர், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வாரத்தில் அறுவை. இருவருமே நடுவில் பயிற்சியை விட்டார்கள். ஒருவர் வீட்டில் உறவினர் கூட்டம், இன்னொருவருக்குக் காய்ச்சல். முதலாமவர் செய்யாமல் வந்தால் நான் திட்டுவேனோ என்று பயந்து, அடுத்த இரண்டு தவணைக்கு வரவே இல்லை. வந்தபோது, மெத்தையில் காலை நீட்டி முழங்காலைக் கீழே அழுத்தச் சொன்னேன். கால் முழுதாக நீளவில்லை, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது. காலை மடக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் காய்ச்சல் விட்ட மறுநாளே வந்து உட்கார்ந்தார். “நாலு நாள் ஒண்ணும் செய்யலைம்மா. இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கணும்?” அவ்வளவுதான் கேட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவருடைய கால் நன்றாக மடங்கிவிட்டது.

அதனால் என் பயிற்சித் தாளில், செய்த நாளுக்கு ஒரு டிக், விட்டுவிட்டுத் திரும்ப வந்த நாளுக்கு டிக்கைச் சுற்றி ஒரு வட்டம் என்று வைத்திருக்கிறேன். விடாமல் செய்த நாட்களின் வரிசையை எண்ணுவது கிடையாது. வரிசையை எண்ணினால் அது அறுந்த அன்றைக்கு உங்களிடம் பூஜ்யம்தான் இருக்கும். வட்டத்தை எண்ணினால், விட்டதற்குப் பிறகு செய்வதற்கு ஒரு காரியம் மிச்சமிருக்கும். மூன்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்வருவது என்றாலும் சரி.

கே: தினமும் காலையில் ஊக்கப் பேச்சு வீடியோ பார்ப்பேன். பார்க்கும்போது உலகத்தையே புரட்டிவிடலாம் போலிருக்கும். பத்து மணிக்குள் ஆறிவிடும். இன்னும் நல்ல பேச்சாளர் யாரையாவது சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர்

ப: முடியாது தம்பி. பேச்சாளர் பட்டியலுக்குப் பதில் ஒரு கணக்கு தருகிறேன்.

2002-இல் பிரிட்டனில் 248 மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. முதல் கூட்டத்தைச் சும்மா விட்டார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு, உடற்பயிற்சியால் இதய நோய் எப்படிக் குறையும் என்று ஊக்கமூட்டும் குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு அதே குறிப்போடு ஒரு வேலையும் கொடுத்தார்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப் போகிறேன் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

சும்மா விட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். ஊக்கக் குறிப்பு மட்டும் படித்தவர்களில் 35 சதவீதம். ஆமாம், படிக்காதவர்களை விட ஒரு துளி கூடுதல்கூட இல்லை. நாள், நேரம், இடம் எழுதியவர்களில் 91 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்கு ஆசை வந்தது உண்மை. ‘செய்ய வேண்டும்’ என்ற எண்ணம் கூடித்தான் இருந்தது. ஆசைக்கும் காலுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. உங்கள் வீடியோவும் அதைத்தான் செய்கிறது. பார்த்து முடித்ததும் ஏதோ சாதித்துவிட்ட நிறைவு வேறு வந்துவிடுகிறது. எனக்கென்னவோ அதுதான் அதில் இருக்கும் பெரிய ஆபத்து என்று படுகிறது.

எங்கள் தொழிலிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் இருவரும் நடத்திய ஆய்வு 2000-இல் வந்தது. எந்த வேலையை எப்போது, எங்கே திரும்பத் தொடங்குவேன் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக நடமாடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு நானும் நோயாளிகளிடம் “தினமும் மூணு வேளை செய்யுங்க” என்று சொல்வதை விட்டுவிட்டேன். “பல் தேய்ச்சு முடிச்சதும் எங்கே உட்காருவீங்க?” என்று கேட்கிறேன். கட்டில் ஓரம் என்பார்கள். “அப்ப அங்கேயே, எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி, பத்துத் தடவை.” தாளில் அதை அவர்கள் கையாலேயே எழுத வைப்பேன். நீங்களும் எழுதுங்கள். ‘படிக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘வகுப்பு முடிந்ததும் நூலகத்தின் ஜன்னலோர மேசையில் மூன்றாம் பாடத்தைத் திறப்பேன்’ என்று எழுதுங்கள். திறப்பேன் என்றுதான், முடிப்பேன் என்று வேண்டாம்.

கே: 1953-இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களில் 3 சதவீதம் பேர்தான் இலட்சியத்தை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதம் பேரின் சொத்தைவிட அவர்கள் சொத்து அதிகமாம். உண்மையா?
– விற்பனைத் துறை வாசகர்

ப: கட்டுக்கதை. அப்படி ஒரு ஆய்வு நடந்ததற்குத் தடயமே இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் எப்போதோ சொல்லியாயிற்று. பயிற்சி வகுப்புகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கே: 56 வயதில் வயலின் கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு கச்சேரி உருப்படியை முழுதாக வாசிக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் வில்லை நேராக இழுக்கவே வரவில்லை. போக வேண்டிய தூரத்தை நினைத்தால் பெட்டியைத் திறக்கவே மனம் வருவதில்லை.
– ஓய்வுபெறக் காத்திருப்பவர்

ப: தூரத்தை நினைத்தால் யாருக்குத்தான் மனம் வரும் சார்? அறுவை முடிந்து மூன்றாம் நாள் இருப்பவரிடம் “பழையபடி மலை ஏறலாம்” என்று நான் சொன்னால் அவர் என்னை நம்பவும் மாட்டார், காலை மடக்கவும் மாட்டார். நான் காட்டுவது கோணமானியைத்தான். பிளாஸ்டிக்கில் இரண்டு கை வைத்த ஒரு சாதாரண அளவுகோல். அதன் நடுப்புள்ளியை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையைத் தொடையெலும்பின் நேராகவும் இன்னொன்றைக் கணுக்காலின் நேராகவும் பிடித்தால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தெரிந்துவிடும். சமதரையில் நடக்க 60, 70 டிகிரி போதும். மாடிப்படி ஏற 80-க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து இயல்பாக எழ 90-ஐத் தாண்ட வேண்டும். போன வாரம் 62, இந்த வாரம் 71 என்று தாளில் எழுதிக் காட்டினால், “அடுத்த வாரம் படி ஏறலாமா?” என்று அவரே கேட்பார். வலி அப்படியேதான் இருக்கும். ஆனாலும் கேட்பார்.

ஆல்பர்ட் பாண்டுராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் கணக்கில் பின்தங்கிய, கணக்கென்றாலே வெறுத்த குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். மொத்தம் 42 பக்கக் கழித்தல் கணக்கு, ஏழு அமர்வு. ஒரு குழுவிடம் 42 பக்கத்தையும் ஏழு அமர்வுக்குள் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் அமர்வுக்கு 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒன்றுதானே? ஆனால் 6 பக்கக் குழந்தைகள் கணக்கையும் நன்றாகக் கற்றார்கள், தம்மால் முடியும் என்ற தெம்பும் அவர்களுக்கு வந்தது. பிறகு யாரும் சொல்லாமலே கணக்குப் போட உட்கார்ந்ததும் அவர்கள்தான்.

வயலினுக்குக் கோணமானி கிடையாது. நீங்களே ஒன்று செய்துகொள்ள வேண்டும். ஒற்றைத் தந்தியில் ஒரு வில் முழுக்க, கீச்சென்ற சத்தம் இல்லாமல், எத்தனை நொடி இழுக்க முடிகிறது என்று பாருங்கள். வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். தினமும் கேட்காதீர்கள், ஒரு மாதம் கழித்து முதல் பதிவைக் கேளுங்கள்.

இன்னொன்று. கார் கழுவும் நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். எட்டு முத்திரை சேர்ந்தால் ஒரு கழுவல் இலவசம். பாதிப் பேருக்குப் பத்துக் கட்டம் போட்ட அட்டையில் இரண்டு முத்திரையை முன்பே குத்திக் கொடுத்தார்கள். இரு சாராரும் வாங்க வேண்டியது எட்டேதான். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரை இருந்தவர்களில் 34 சதவீதம். உங்கள் அட்டையும் வெறுமையாக இல்லை. வயலின் வாங்கியாயிற்று, ஆசிரியரைத் தேடிப் பிடித்தாயிற்று, சுருதி சேர்க்கத் தெரிந்திருக்கும். அதையெல்லாம் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

கே: இலக்கை அடைந்துவிட்டது போலவே தினமும் கண்ணை மூடிக் காட்சியாகப் பார்த்தால் அது நடந்துவிடும் என்கிறாரே என் நண்பர்?
– கடை நடத்தும் வாசகர்

ப: உடல் எடை குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களை கேப்ரியேல் ஓட்டிங்கன் ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து, 1991-இல் வெளியிட்டார். ‘என்னால் இளைக்க முடியும்’ என்று நம்பியவர்கள் கூடுதலாக இளைத்தார்கள். இளைத்த உடம்போடு உலா வருவதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இளைத்தார்கள். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. நண்பரிடம் சொல்லுங்கள், காட்சியைப் பார்த்துவிட்டு, வழியில் நிற்கும் முட்டுக்கட்டையையும் அதே கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் கையில் இருக்கும் போனாகத்தான் இருக்கும்.

கே: முன்பெல்லாம் எனக்காக வரைவேன். சிலர் பாராட்டி, காசு கொடுத்து வாங்கவும் தொடங்கினார்கள். இப்போது ஆர்டர் இல்லாத நாளில் பென்சிலைத் தொடவே தோன்றுவதில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனா?
– ஓவியம் வரையும் வாசகி

ப: இல்லை. வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து மார்க் லெப்பரும் இன்னும் இருவரும் 1973-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வாங்கிக்கொண்ட குழந்தைகள், சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் வரையும் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்கள் தொட்டதில் ஏறக்குறைய பாதிதான். முன்னறிவிப்பு இல்லாமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை. ஆர்டருக்கு வரையுங்கள், காசு வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் விற்பனைக்கு இல்லாததாக, யாரிடமும் காட்டாததாக இருக்கட்டும். பாராட்டுக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

கே: ஆய்வேட்டை இரண்டு மாதத்தில் முடிக்கத் திட்டம் போடுவேன். எப்போதும் தவறுகிறது. தவறியதும் ஊக்கம் போய்விடுகிறது.
– ஆய்வு மாணவி

ப: உங்களைப் போன்ற மாணவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். 1994-இல் வந்த ஆய்வு அது. ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 56 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டபோதும் 49 என்றுதான் சொன்னார்கள். ஆகவே அடுத்த அத்தியாயத்துக்கு எத்தனை நாள் என்று மனதைக் கேட்காதீர்கள். போன அத்தியாயத்துக்கு எத்தனை நாள் ஆனது என்று கோப்பின் தேதியைப் பாருங்கள். அதையே போடுங்கள்.

கே: எட்டு வருடமாக ஒரே தேர்வு. வயது வரம்பு நெருங்குகிறது. விடாமுயற்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். விட்டுவிட்டால் நான் தோற்றவளா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

ப: எட்டு வருடம் விடாமல் படித்தவருக்கு ஊக்கத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வேறொன்று சொல்கிறேன். பல ஆண்டு இறுகிப்போன சில முழங்கால்கள் 90 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தினால் வீக்கம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் நாங்கள் கோணத்தைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, இருக்கிற மடக்கத்தை வைத்து எப்படிப் படி ஏறுவது என்று கற்றுக்கொடுப்போம்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னால். அவர் மாடிக்குப் போய்விடுவார்.

எட்டாத இலக்கை விடத் தெரிந்தவர்கள், அதோடு நிற்காமல் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளவும் தெரிந்தவர்கள், மனநலத்தில் மேலாக இருப்பதை கார்ஸ்டன் ரோஷ் குழுவினர் 2003-இல் எழுதினார்கள். இரண்டாவது பாதி முக்கியம். விட்டுவிட்டு வெறுங்கையோடு இருப்பதுதான் வாட்டும். கடைசி வாய்ப்பு இருந்தால் எழுதுங்கள், ஆனால் எழுதும் முன்பே அடுத்தது என்ன என்று ஒரு தாளில் குறித்துவிடுங்கள். எட்டு வருடம் படித்தது வேறு எங்கெல்லாம் செல்லும் என்பதையும் சேர்த்து.

கே: எதிலும் ஆர்வம் இல்லை. பிடித்த பாட்டுக்கூடக் கசக்கிறது. தூக்கம் இல்லை, பசி இல்லை. ஒரு மாதமாக இப்படி. இலக்கு ஏதாவது வைத்துக்கொண்டால் சரியாகுமா?
– பெயர் இல்லாத கடிதம்

ப: இலக்கெல்லாம் இப்போது வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இப்படிக் காட்டும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் தனியாக இருக்காதீர்கள், அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவரிடம் என்ன சொல்வது என்று தயங்கினால், எனக்கு எழுதிய இந்த நாலு வரியையே அவரிடம் காட்டுங்கள். போதும்.

கே: வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் காலை நாலு மணிக்கு எழுகிறார்களாமே? என்னால் ஆறரைக்கு முன் எழ முடியவில்லை. என்ன செய்ய?
– தூக்கப் பிரியர்

ப: ஆறே முக்காலுக்குத் தொடங்குங்கள்.